ஜவுளிக்கடையில் மூச்சு வாங்கிய கதை

வலது கைப் பக்கம் உக்காராதீங்க சார், வெயில் மூஞ்சியில அடிக்கும். இப்படி என் பக்கத்துல வாங்க. முப்பது வருஷம் இதே ரூட்டுல விசில் ஊதினவன் சொல்றேன். தணிகாசலம், ரிட்டயர்டு கண்டக்டர். எந்த ஸ்டாப்பிங் தாண்டினா எந்த சீட்டுக்கு நிழல் வரும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். அதனாலதான் சார் அந்த ரெஜினா சொன்னதை என்னால தாங்க முடியல. "அண்ணனுக்கு வெயிலைப் பத்தி ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னா. எனக்கு! வெயிலைப் பத்தி! இன்ஜின் சூட்டுல பாதி ஆயுசு நின்னவனைப் பாத்து!

ரெஜினா யாருன்னு கேக்குறீங்களா? எங்க கீழ்வீட்டுப் பொண்ணு. ஒரு கிளினிக்குல நர்ஸ். நல்ல பொண்ணுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வாய். அந்த வாய் இருக்கே சார், டபுள் டோர் வண்டி மாதிரி, முன்னாடியும் திறக்கும் பின்னாடியும் திறக்கும்.

எங்க நகருக்குப் பின்னாடி ஒரு குப்பைமேடு இருக்கு. மேடுன்னா இவ்வளவு உசரம்னு நினைக்காதீங்க. எங்க மொட்டை மாடியில நின்னா அது நம்மளைக் குனிஞ்சு பாக்கும். போன வருஷம் கத்திரி ஆரம்பிச்ச வாரம் அது பத்திக்கிச்சு. யாராவது வச்சாங்களா, வெயிலுக்குத் தானா பத்திக்கிச்சா, அது யாருக்கும் தெரியல. மேல தண்ணி அடிச்சா அடியில எரியும், அடியில அடிச்சா அந்தாண்ட எரியும். மாமியார் மருமக சண்டை மாதிரி அணைஞ்ச மாதிரி இருக்கும், அணையாது.

அந்தப் புகை இருக்கே சார், பிளாஸ்டிக்கு, டயரு, செத்த எலி, எல்லாம் கலந்த புகை. காத்து எங்க பக்கம் திரும்பினா தயிர்சாதத்துல கூட அந்த வாசனைதான்.

என் வீட்டுக்காரி கஸ்தூரிக்கு இளைப்பு உண்டு. பல வருஷமா உண்டு. அவ நெஞ்சுல ஒரு விசில் இருக்கு சார். கண்டக்டர் பொண்டாட்டிக்குப் பொருத்தமாத்தான் ஆண்டவன் வச்சிருக்கான்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம். இவ நெஞ்சு விடாம ஊதினா நிறுத்துறதா போறதான்னு டிரைவருக்கே புரியாது. சிரிப்பா அவ. அப்போ சிரிப்பா.

புகை வந்த அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். இது என் பொண்டாட்டி உயிர் விஷயம். அசட்டையா இருக்கக் கூடாது. கடைக்குப் போயி, பார்சல் ஒட்டுவாங்களே பிரவுன் டேப், அதை ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்தேன். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, சமையல்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பாத்ரூம் வென்டிலேட்டர், ஒண்ணு விடல. எறும்பு உள்ள வரணும்னாலும் என்கிட்ட டிக்கெட் வாங்கித்தான் வரணும். அப்படி ஒட்டினேன்.

எங்க வீடு மேல் மாடி சார். தலைக்கு மேல மொட்டை மாடி, அதுக்கு மேல சூரியன். நடுவுல வேற ஆளே கிடையாது. ஃபேனைப் போட்டா மேல இருக்கிற அனலை அப்படியே கீழ இறக்கும். கஸ்தூரி சொன்னா, "ஏங்க, இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. ஒரே ஒரு ஜன்னல் திறக்கலாங்க."

"திறந்தா புகை."

"மூடினா வேகுதுங்க."

"வெந்தா பரவாயில்லை, புகைஞ்சாதான் ஆபத்து. உனக்கு நெஞ்சா தோலா, எது முக்கியம்?"

இதுக்கு அவளால பதில் சொல்ல முடியல. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். பேசினா மூச்சு வாங்குதுன்னுதான் பேசலைன்னு பின்னாடி ரெஜினா சொன்னா. அது ரெஜினாவோட அபிப்ராயம்.

நான் பாத்ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பீடி குடிப்பேன், அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு கொசுவத்தி. வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணி. ஜன்னல் மூடியிருக்கே, வீடு கும்முனு வாசனையா இருக்கட்டுமேன்னு கொஞ்சம் தூக்கலாவே போடுவேன். இதையும் அந்த ரெஜினா ஒரு குத்தமா எடுத்துக்கிட்டா. அதெல்லாம் நம்ம வீட்டுப் புகை சார். பழகின புகை. குப்பைமேட்டுப் புகையும் அதுவும் ஒண்ணாயிடுமா?

ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுட்டு நான் படுத்திருந்தேன். கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் அந்த அமைதியில ஒரு சத்தம் கேட்டுது. கஸ்தூரி நெஞ்சு. விசில் இல்ல சார். விசிலுக்குக் காத்து வேணுமே. இது அறுந்து அறுந்து வருது. எழுந்து பாத்தா சமையல்கட்டுல தரையில உக்காந்து, ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு, கழுத்து நரம்பு அப்படியே எழும்புது. ஒதடு கருத்துப் போச்சு. என்னை ஒரு பார்வை பாத்தா. முப்பத்தாறு வருஷத்துல அவ அப்படிப் பாத்ததே இல்ல.

நான் கதவுக்கு ஓடினேன். கதவு திறக்கல. திறக்குமா? நானே ஒட்டின டேப்பு. சாப்பிட்டதும்தான் ரெண்டு சுத்து ஒட்டியிருக்கேன். நகத்தால பிக்கிறேன், வரல. "ரெஜினா! ரெஜினா!"ன்னு கத்துறேன். அந்தப் பொண்ணு அன்னைக்கு வீட்டுல இருந்தா, அது கஸ்தூரி செஞ்ச புண்ணியம். வெளியில இருந்து ஒரு உதை விட்டா சார் கதவை. டேப்பெல்லாம் டர்ர்ருன்னு பிரிஞ்சு என் தலையில ஒட்டிக்கிச்சு. நான் தலை நிறைய டேப்போட நிக்கிறேன், அவ என்னைத் தாண்டி உள்ள ஓடுறா. கீழ தூக்கிட்டுப் போயி, இன்வர்ட்டர் கரண்ட்டுல அவ அம்மாவோட இளைப்பு மெஷினை ஓட விட்டு, மூஞ்சில மாஸ்க்கை வச்சு மருந்துப் புகை கொடுத்தா. கொஞ்ச நேரத்துல அந்த விசில் திரும்பி வந்துச்சு. கோயில் நாதஸ்வரம் கூட எனக்கு அவ்வளவு இனிமையா இருந்ததில்ல, சத்தியமா சொல்றேன்.

அப்புறம்தான் அந்த வாயைத் திறந்தா ரெஜினா. "அண்ணே, புகை நுரையீரலைப் புடிக்குது. சூடு ஒடம்புத் தண்ணியை உறிஞ்சி, இதயத்தைக் குதிரை மாதிரி ஓட விடுது. ரெண்டும் சேந்து வந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல. நாலு."

"கணக்கு எனக்கே சொல்றியா? நான் கண்டக்டர்மா"ன்னேன்.

"அண்ணனுக்கு வெயிலைப் பத்தி ஒண்ணும் தெரியாது"ன்னா. அப்பதான் சொன்னா சார். தெரு ஆளுங்க எல்லாம் நிக்கிறாங்க. தலையில டேப்போட எனக்கு அந்த அவமானம்.

"அப்ப ஜன்னலைத் திறக்கணுமா, மூடணுமா? ஒண்ணைச் சொல்லு"ன்னேன்.

"புகை கம்மியா இருக்கிற நேரத்துல திறக்கணும், அதிகமானா மூடணும். ரெண்டும் உச்சத்துல இருக்கிற மத்தியானத்துல இந்த வீட்டுல இருக்கவே கூடாது. குளிர்ச்சியா, நல்ல காத்தா இருக்கிற எடத்துல போயி உக்காருங்க."

எங்க போறது சார்? ஊருக்குப் போங்கன்னு சொல்லுவாங்க. எந்த ஊரு? எனக்கும் இதான் ஊரு, அவளுக்கும் இதான் ஊரு. ஏசி வாங்கினா அந்த வீட்டு வயரிங்கு தாங்காதுன்னு ஓனரு சொல்லிட்டாரு. சரி, நான் பாத்துக்கிறேன்னு மறுபடியும் கடைக்குப் போனேன். இந்தத் தடவை அகலமான டேப்பு, ஜன்னலுக்கு மட்டும்.

இங்கேர்ந்துதான் சார் மர்மம் ஆரம்பிக்குது.

மறுநாள்லேர்ந்து கஸ்தூரி மத்தியானம் ஆனா பட்டுப்புடவை கட்டிக்கிறா. சோறு போட்டு வச்சிட்டு, தலையில பூ வச்சிக்கிட்டு, வாயில ஈரக் கர்ச்சீப்பைப் பொத்திக்கிட்டுக் கிளம்பிடுறா. எங்கடின்னா, "பஜனைங்க". கத்திரி வெயில்ல, ஊரே புகை மண்டிக் கிடக்கும்போது பஜனை! சரி, பக்தின்னு விட்டேன். சாயங்காலம் வரும்போது பாத்தா மூஞ்சி தெளிவா இருக்கு. விசில் சத்தம் பாதியாக் குறைஞ்சிருக்கு. ஒரு நாள் அவ புடவையில ஏதோ சென்ட் வாசனை. எந்தப் பஜனையில சார் சென்ட் அடிப்பாங்க? ஏதோ போலிச் சாமியார்கிட்ட மாட்டிக்கிட்டான்னு எனக்கு உறுதி ஆயிடுச்சு.

பின்தொடர்ந்து போறதுன்னு முடிவு பண்ணேன். ஆனா வெளியில புகை. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல சார், பாதுகாப்போடதான் போவேன். மூக்குல மூணு மாஸ்க் ஒண்ணு மேல ஒண்ணு. அது மேல துண்டு. தலையில குரங்குக் குல்லா. மேல சாம்பல் உக்காரக் கூடாதுன்னு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு ரெயின்கோட்டு. கையில கிளவுஸு. ஒரு துளி புகை என் மேல பட்டிருக்காது. தெரு நாய் கூட என்னைப் பாத்துக் குரைக்காம யோசிச்சுது.

அவ ஷேர் ஆட்டோவுல போனா. நான் பின்னாடியே நடந்தேன், ஏன்னா அந்த டிரெஸ்ஸுல என்னை எந்த ஆட்டோக்காரனும் ஏத்தல. நெரிசல்ல ஆட்டோ ஊர்ந்துதான் போச்சு, கண்ணை விட்டு மறையல. தார் ரோடு செருப்பைப் புடிச்சு இழுக்குது. மெயின் ரோட்டுல ஒரு பெரிய ஜவுளிக்கடை, பேரு வேணாம், நாலு மாடி. அதுக்குள்ள போறா! கூடவே ரெஜினாவோட அம்மா. அப்புறம் எங்க தெரு கோதண்டம், ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு, நாலு படி ஏறினா நாக்கு தள்ளும். இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாம் எங்க தெருவுல இருமுற ஆளுங்க. எல்லாரும் கல்யாணத்துக்குப் போற மாதிரி உடுத்தியிருக்காங்க.

உள்ள போனேன் சார். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அதே சென்ட் வாசனை, அந்தக் குளிரு... மெத்தையில விழுந்த மாதிரி. ரெண்டாவது மாடியில ஜமக்காளம் விரிச்சு இவங்கெல்லாம் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. முன்னால புடவை மலை. கஸ்தூரி ஒரு அரக்குப் பட்டை மடியில போட்டுக்கிட்டு, "ஜரிகை கொஞ்சம் கம்மியா இருந்தா பொண்ணுக்குப் புடிக்கும்"ங்கிறா. எந்தப் பொண்ணு? எங்களுக்கு ஒரே பையன், அவனுக்கும் கல்யாணம் ஆயி ரெண்டு பசங்க! கோதண்டம் சொல்றாரு, "பொண்ணு பெங்களூர்ல வேலை. லீவு கிடைக்கல. எங்களையே எடுக்கச் சொல்லிட்டா." விஷயம் என்னன்னா சார், தினமும் மத்தியானம் அங்க போயி, இல்லாத பொண்ணுக்கு, நடக்காத கல்யாணத்துக்குப் புடவை பாக்குறாங்க. வெயில் தாழ்ந்ததும் "நாளைக்கு வந்து முடிவு பண்றோம்"னு எழுந்து வந்துடுறாங்க. ஏசிக்காகக் கல்யாணம்! எல்லாம் ரெஜினா ஏற்பாடு.

"கஸ்தூரி!"ன்னு கத்தினேன். மூணு மாஸ்க்குக்கு உள்ளேர்ந்து அது "ம்ம்ம்ம்"னுதான் வந்துச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சேல்ஸ் பொண்ணு ஒருத்தி திருடன்னு அலறிட்டா.

அப்புறம் நான் கொஞ்சம் உக்காந்தேன். மயங்கி விழுந்தேன்னு அவங்க சொல்லுவாங்க. நீங்க நம்பாதீங்க. நடந்து வந்த களைப்பு, புடவை குவியல் மெத்துனு இருந்துச்சு, சாஞ்சேன். கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். யோசிச்சிட்டிருக்கும்போது ஒண்ணும் தெரியல சார். எந்த வருஷம்னே தெரியல. டபுள் டெக்கர்ல படியேறுறேன், டிக்கெட் கொடுக்கிறேன், யாருக்கும் மூஞ்சி இல்ல. எங்கேயோ தூரத்துல அந்த விசில் மட்டும் கேக்குது. பக்கத்துல வருது, பக்கத்துல வருது. கண்ணைத் திறந்தா கஸ்தூரி. அந்த இளைப்புக்காரி, ஒரு குடம் தண்ணி தூக்க முடியாதவ, தண்ணிக் கேனைத் தலைகீழாத் தூக்கி என் மேல ஊத்திக்கிட்டிருக்கா. ரெயின்கோட்டு பட்டனெல்லாம் பறந்துடுச்சு. கடையில இருந்த புதுத் துண்டையெல்லாம் நனைச்சு அக்குள்ள, கழுத்துல வச்சிருக்காங்க. கோதண்டம் அட்டைப் பெட்டியைக் கிழிச்சு விசிறுறாரு. கீழ ஜூஸ் கடையிலேர்ந்து ஐஸ் வருது.

"ஏங்க... ஏங்க... பேசுங்க. எதாவது திட்டுங்க"ங்கிறா. கண்ணுல தண்ணி கொட்டுது. நெஞ்சு ஊதுது.

நான் சொன்னேன், "பஜனைன்னியே."

அவ்வளவுதான், ஒரே அழுகை. அழுதுகிட்டே சிரிச்சா. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா மூளை வெந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம். ரெஜினா சொல்றா, "அதுக்கு மூளை வேணுமேண்ணே." சொன்னேன்ல, அந்த வாய்!

எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு. கடைக்காரன் சும்மா விடுவானா? மறுநாள் கஸ்தூரி மன்னிப்புக் கேக்கப் போனா, நானும் போனேன். மேனேஜர் இலியாஸ்னு ஒருத்தரு. தாடி வச்ச, அமைதியான மனுஷன். கஸ்தூரி கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "சார், அந்தக் கல்யாணம்..."ன்னு ஆரம்பிச்சா.

அவரு சொன்னாரு, "மொதல் நாளே தெரியும்மா. முகூர்த்தம் என்னிக்குன்னு கேட்டேன், ஆளுக்கு ஒரு தேதி சொன்னீங்க." அப்புறம் சேல்ஸ் பொண்ணைக் கூப்பிட்டு, "பொண்ணோட அப்பா வந்திருக்காரு, மோர் கொண்டா"ன்னாரு. என்னைத்தான் சார்! அன்னைக்கு ஆரம்பிச்சது என் உத்தியோகம். நான் உக்காந்ததும் வியாபாரமே வேற மாதிரி ஆயிடுச்சு. வர்ற ஜனங்களை எல்லாம், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க"ன்னு ஒழுங்கு பண்ணிடுவேன். நான் இல்லைன்னா அந்தக் கடை எப்படி நடந்துச்சுன்னே தெரியல.

எல்லாரையும் கூட்டிட்டுப் போக முடிஞ்சுதான்னா, இல்ல சார். எதிர் வீட்டுப் பார்வதம்மா படுத்த படுக்கை. அவங்களை எந்தக் கடைக்குத் தூக்கிட்டுப் போறது? ஓலைப் பாய் நனைச்சுத் தொங்க விட்டோம், ரெஜினா காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை போயிப் பாத்தா. ஒரு ரொம்பக் கொடுமையான மத்தியானம் தூங்கினவங்க எழுந்திருக்கல. வயசாயிடுச்சுன்னு சொல்லித் தூக்கிட்டாங்க. வயசு அதுக்கு முந்தின மாசமும் அதேதானே சார் இருந்துச்சு? அன்னைக்கு நாங்க யாரும் கடைக்குப் போகல. ரெஜினா ஒரு வார்த்தை பேசல. அந்தப் பொண்ணு பேசலைன்னா வீடே இடிஞ்சு விழுந்த மாதிரி இருக்கு.

அப்புறம் மழை வந்துச்சு, நெருப்பு அணைஞ்சுது. அணைஞ்சுதுன்னு சொன்னாங்க.

இந்த வருஷம் மறுபடியும் புகையுது சார். பாருங்க, அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட மஞ்சளா தெரியுதே, அதான். எங்க நகர் சங்கத்துல பேசி, கார்ப்பரேஷன் கல்யாண மண்டபத்தை மத்தியானத்துல திறந்து விடச் சொல்லி மனு மேல மனு போட்டிருக்கோம். பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க. இலியாஸ் வேற பிராஞ்சுக்கு மாத்தலாயிட்டாரு. புது மேனேஜர் கறாரு. அட்வான்ஸ் கொடுங்கங்கிறான்.

அதனால இன்னைக்குப் புது எடம். பாலம் தாண்டி ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை திறந்திருக்கான். சீர்வரிசைக்குக் கட்டில் பாக்கப் போறோம். படுத்துப் பாக்கலாமாம் சார், அதுல ஒண்ணும் தப்பில்லையாம்! முன்னாடி லேடீஸ் சீட்டுல பட்டுப்புடவையோட அரட்டை அடிச்சுக்கிட்டு வருதே ஒரு கும்பல், அதான் பொண்ணு வீடு. கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற அந்தத் தொப்பை, கோதண்டம். நடுவுல உக்காந்திருக்கிறது கஸ்தூரி. என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறா பாருங்க. மனுஷன் தண்ணி குடிச்சானா இல்லையான்னு. இதோ குடிக்கிறேன்டி! குடிச்சிட்டேன்! பாத்தீங்களா சார், அஞ்சு நிமிஷம் நிம்மதியா பேச விடமாட்டா.

என்ன சார், நீங்களும் இருமுறீங்க? ஏறினதுலேர்ந்து பாக்குறேன், அந்த இருமல் தொண்டை இருமல் இல்ல. நெஞ்சு இருமல். எந்த ஏரியா? அட, நம்ம மேட்டுக்கு அந்தப் பக்கமா! மத்தியானத்துல வீட்டுல ஜன்னலைத் திறப்பீங்களா, மூடுவீங்களா?

அதான். திறந்தாலும் கஷ்டம், மூடினாலும் கஷ்டம்.

எங்க இறங்கணும்னு இருந்தீங்க? அவசர வேலையா? இல்லைன்னா எழுந்திரிங்க சார், அடுத்த ஸ்டாப்பிங்தான். சட்டையை மட்டும் உள்ள விட்டுக்கங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லாம இத்தனை நாளா சமாளிச்சிட்டிருக்கோம். யாராவது கேட்டா, கட்டில் தேக்குலதான் வேணும்னு உறுதியா நில்லுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்.

படி பாத்து, படி பாத்து. கஸ்தூரி! ஒரு ஆள் கூட!